பொங்கும் பானையும் நான்கு எழுத்தும்

தை பிறக்கப்போகிறது என்பதைக் காலண்டருக்கு முன்னால் நம் போன்தான் சொல்கிறது. வாசலில் கோலம் போட்டு முடிப்பதற்குள் குடும்பக் குழுவில் பத்துப் பானை பொங்கி வழிந்துவிடும். அந்தப் பானைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நுரை மேலே வந்துகொண்டே இருக்கும்போது வெடுக்கென்று அறுந்து பழைய இடத்துக்குத் தாவும். மேலே மினுக்கும் வாழ்த்து எழுத்து ஒரு தாளத்தில் ஓடும், கீழே பானை வேறு தாளத்தில் ஓடும். யாரோ பானையை ஒரு இடத்திலும் எழுத்தை இன்னொரு இடத்திலும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியதில் தப்பில்லை. படத்தோடு படத்தை ஒட்டியவர் நேரத்தோடு நேரத்தை ஒட்டாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். இரண்டு அசைபடங்களைச் சேர்ப்பது முக்கால்வாசி நேரக் கணக்கு. அந்தக் கணக்கைக் கண்ணெதிரே விரித்துக் காட்டுகிற மென்பொருளில்தான் அதைச் சரியாகப் போட முடியும். காசு கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப் அப்படிப்பட்ட ஒன்று என்பதுதான் இன்றைய பேச்சின் வாதம்.

முதலில் ஜிஃப் என்ற இந்த அசைபட வகையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1987-ல் கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையில் உருவான கோப்பு வகை இது. 1989-ல் வந்த திருத்திய பதிப்பில்தான் ஒவ்வொரு பிரேமும், அதாவது அசைபடத்தில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு தனிப்படமும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்த இடம் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற குறிப்புகள் சேர்ந்தன. ஓயாமல் திரும்பத் திரும்ப ஓடும் வித்தையை நெட்ஸ்கேப் பிரவுசர் பிறகு கொண்டுவந்தது. (பெயரை ஜிஃப் என்பதா கிஃப் என்பதா என்று சண்டை உண்டு. 2013-ல் ஒரு விருது மேடையில் வில்ஹைட் வாயே திறக்காமல், ஜிஃப் என்பதே சரி என்று ஓர் அசைபடத்தை ஓடவிட்டே தீர்ப்புச் சொன்னார். வானொலியில் அந்த வசதி எனக்கு இல்லை.) சரி, வயிற்றுக்கு வருவோம். ஐந்நூறுக்கு ஐந்நூறு பிக்சல் உள்ள பானைப் படம், 18 பிரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரேமையும் முழுப் படமாக வைத்தால் 45 லட்சம் பிக்சல். ஆனால் அசைவது என்ன? பானையின் வாயில் நுரை மட்டும். கரும்பு அசையவில்லை, மஞ்சள் கொத்து அசையவில்லை, அடுப்புக் கல்லும் அசையவில்லை. நுரை ததும்பும் இடம் 150-க்கு 100 என்றால், முதல் பிரேமை முழுதாகவும் மீதிப் பதினேழில் அந்தத் துண்டை மட்டும் வைத்தால் போதும். 45 லட்சம் ஏறக்குறைய 5 லட்சத்துக்கு இறங்கிவிடும். நன்றாகச் செய்யப்பட்ட ஜிஃப் எல்லாம் இப்படித்தான் இருக்கும். இரண்டாவது பிரேம் தன் காலில் நிற்காது, முதல் பிரேமின் தோளில் ஏறித்தான் நிற்கும்.

இந்த உண்மையைக் கிம்ப் மறைப்பதில்லை. ஓர் அசைபடத்தை அதில் திறந்தால் ஒவ்வொரு பிரேமும் ஒரு லேயராக அடுக்கி வரும். அடியில் இருப்பது முதல் பிரேம், உச்சியில் இருப்பது கடைசி. லேயரின் பெயரிலேயே 100 மில்லி செகண்ட் என்று நேரமும், முந்தைய பிரேமோடு சேர்வதா அதை அகற்றிவிட்டு வருவதா என்ற குறிப்பும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும். நேரத்தை மாற்ற வேண்டுமானால் லேயரின் பெயரை மாற்றி எழுத வேண்டும். பொத்தானும் இல்லை, சக்கரமும் இல்லை. கரடுமுரடான ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பிரேம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஒரு பட்டியலாகக் கண்ணில் படுகிறது. புதிதாகத் திறப்பவர்கள் திடுக்கிடுவது இரண்டாவது லேயரைப் பார்த்துத்தான். பானையைக் காணோம், கையளவு நுரை மட்டும் வெட்டவெளியில் மிதக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று மூடிவிடாதீர்கள். நான் சொன்ன சிக்கனம்தான் அது. ஃபில்டர்ஸ் மெனுவில் அனிமேஷன் பிரிவில் 'அன்ஆப்டிமைஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொடுக்கினால் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாக நிரம்பிப் புதிய படமாக எழுந்து வரும். சேர்க்கும் வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். துண்டு நுரையின் மேல் எழுத்தை ஒட்டுபவர்களுக்குத்தான் படம் பிய்ந்து வருகிறது. இன்னொன்று, ஒட்டுவதற்கு முன் படத்தை முழு நிறங்களையும் தாங்கும் ஆர்ஜிபி முறைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் படத்தின் நிறங்கள் முன்னால் இருக்கும் படத்தின் வண்ணப் பெட்டிக்குள் நெரிபடும்.

ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று ஓட வேண்டும் என்றால் வேலை சுலபம். 'ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்' என்று இரண்டாவது கோப்பைத் திறந்தால் அதன் லேயர்கள் மேலே போய் அமர்ந்துகொள்ளும், முடிந்தது. ஒன்றின் மேல் இன்னொன்று ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றால்தான் கணக்கு. பானைக்கு 6 பிரேம் என்று கொள்வோம், ஒவ்வொன்றும் 100 மில்லி செகண்ட், ஆக ஒரு சுற்று 600. எழுத்து ஒவ்வொன்றாக வர 300, 300, 300, முழுச் சொல் வந்தபின் படிக்க 900, மொத்தம் 1800. பானை மூன்று சுற்றுச் சுற்றினால் எழுத்து ஒரு சுற்று முடியும். 100 மில்லி செகண்டுக்கு ஒன்றாக 18 பிரேமில் இரண்டும் ஒரே நொடியில் தொடக்கத்துக்கு வந்து சேரும், தையல் தெரியாது. இப்போது பானைக்கு 7 பிரேம் என்று வைத்துப் பாருங்கள். ஏழும் பதினெட்டும் எங்கே சந்திக்கும்? பள்ளிக்கூடத்தில் படித்த மீச்சிறு பொது மடங்குதான், 126. ஒரே ஒரு பிரேம் கூடியதால் படம் ஏழு மடங்கு நீண்டுவிட்டது. அவ்வளவு நீளம் வேண்டாம் என்று நடுவில் வெட்டினால் நுரை அறுந்து தாவும். குழுவில் வரும் பானை தாவுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பரிகாரமும் எளிது. பானையில் ஒரு பிரேமை எடுத்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது. நேரத்தை 10 மில்லி செகண்டாக்கி வேகம் கூட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவ்வளவு குறைந்த எண்ணைப் பெரும்பாலான பிரவுசர்கள் மதிப்பதில்லை, 100 ஆக்கிவிடும். வேகமாக ஓட வேண்டியது நொண்டும்.

எழுத்து என்று சொன்னேன், அங்கே சற்று நிற்க வேண்டும். 'பொங்கல்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நான்கு என்று சொல்லிவிடும். கணினி ஏழு என்று சொல்லும். ப, அதற்கு ஒகரக் குறி, ங, அதற்குப் புள்ளி, க, ல, அதற்குப் புள்ளி. எழுத்தெழுத்தாகத் தட்டச்சு ஆவதுபோல் காட்டும் ஆயத்த விளைவுகளில் சில இந்த ஏழையும் ஏழு படியாகக் காட்டும். என்ன ஆகும்? முதலில் வெறும் 'ப' வந்து நிற்கும். அடுத்த நொடி அதன் இடப்பக்கம் கொம்பு முளைத்து, ப வலப்பக்கம் தள்ளப்பட்டுக் குதிக்கும். பிறகு புள்ளியில்லாத ங, அதன் தலையில் தாமதமாக ஒரு புள்ளி. கடைசியில் 'பொங்கல' என்று ஒரு கணம் நின்று, அப்புறம் ஒரு புள்ளி. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்த மொழியில் புள்ளி பேருந்தைத் தவறவிட்ட பயணிபோல ஓடிவருகிறது. லேயர் லேயராகச் செய்யும்போது எழுத்து எது என்பதை முடிவு செய்வது நாம்தான். நான்கு முறை தனித்தனியாகத் தட்டாதீர்கள். முழுச் சொல்லையும் ஒரே முறை எழுதி, நான்கு நகல் எடுத்து, முதல் நகலில் 'பொ' தவிர மற்றதை அழியுங்கள், இரண்டாவதில் 'பொங்' வரை விடுங்கள், அப்படியே மேலே போங்கள். எழுத்துகள் கடைசியில் நிற்க வேண்டிய இடத்திலேயே பிறக்கும், ஒன்றுகூட நகராது. கிம்ப்பில் கொம்பும் காலும் இடம் மாறாமல் வருவதற்கு உள்ளே பாங்கோ என்ற நூலகம் வேலை செய்கிறது. கிரேக்கத்தில் எல்லாம் என்று பொருள்படும் 'பான்', ஜப்பானியத்தில் மொழி என்று பொருள்படும் 'கோ', இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். நம் கொம்புக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, போனில் ஒரு ஆப்பைத் தட்டினால் பத்து விநாடியில் வந்துவிடுமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அவசரத்துக்கு ஆப் போதும். ஆனால் அந்தப் பத்து விநாடியில் மேலே சொன்ன முடிவுகளை எல்லாம் யாரோ எடுத்துவிடுகிறார்கள். எந்தச் சுற்றை வெட்டுவது, எதை இழுப்பது, எழுத்து நான்கா ஏழா என்பதெல்லாம் அதில் அடக்கம். சரியாக அமைந்தால் சந்தோஷம். அமையாவிட்டால் எங்கே தப்பு என்று தேடக்கூட இடம் இருக்காது. கிம்ப்பில் 18 பானை லேயருக்கு மேல் 18 எழுத்து லேயரை வைத்து ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும் என்பது உண்மைதான், கை வலிக்கும். பிரேம் நூற்றைத் தாண்டினால் நானே வேண்டாம் என்பேன். அதற்கு இமேஜ்மேஜிக் என்ற இன்னொரு கட்டற்ற கருவி இருக்கிறது, ஒரே வரிக் கட்டளையில் ஒரு அசைபடத்தை இன்னொன்றின் மேல் ஏற்றிவிடும். அங்கேயும் பிரேம் எண்ணிக்கையைச் சமப்படுத்துவது உங்கள் பொறுப்புதான். கணக்கு எங்கே போனாலும் கூடவே வரும், கையால் ஒருமுறை போட்டவருக்கு அது பயமுறுத்தாது.

ஜிஃப்பே கிழடு தட்டிய வகை, இன்று எல்லாம் வீடியோதானே என்பது அடுத்த ஆட்சேபம். பாதி உண்மை. முகமும் வானமும் உள்ள புகைப்படக் காட்சிக்கு எம்பி4 வீடியோதான் சரி, அளவும் சிறியது, அதில் எனக்கு வழக்கில்லை. நாம் ஏற்றும் ஜிஃப்பைச் சில சமூக ஊடகங்கள் சத்தமில்லாமல் வீடியோவாக மாற்றியும் விடுகின்றன. ஆனால் அந்த வீடியோவும் முந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டும் சேமிக்கும் அதே தத்துவத்தில்தான் ஓடுகிறது, கெட்டிக்காரத்தனமாக. சில நிறம், சிறு அசைவு, ஓயாத சுழற்சி என்றால் ஜிஃப் இன்னும் தோற்கவில்லை. அதன் சுருக்க முறையின் மேல் இருந்த காப்புரிமையும் அமெரிக்காவில் 2003-லேயே காலாவதியாகிவிட்டது, பிறகு மற்ற நாடுகளிலும். ஜிஃப்பின் ஒரு பிரேமில் 256 நிறம்தானே என்ற குறையில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. இல்லாத நிறத்துக்குப் பதில் இரண்டு நிறப் புள்ளிகளை நெருக்கி வைத்துக் கண்ணை ஏமாற்றும் வழி இருக்கிறது. கிம்ப்பில் நிறம் குறைக்கும்போது அதற்குச் சில வகைகள் காட்டும். ஃபிளாய்ட்-ஸ்டைன்பெர்க் என்பது அசையாத படத்துக்கு அழகு. அசைபடத்தில் அதைப் போட்டால், நுரையில் ஒரு புள்ளி மாறினாலும் அதற்குக் கீழே உள்ள புள்ளிகள் எல்லாம் கலைந்து, அசையாத சுவரில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். 'பொசிஷன்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள், எறும்பு நின்றுவிடும், கோப்பும் இளைக்கும்.

கிம்ப்பின் கதையே தனி. 1995-ல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது, 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பு கண்டிருக்கிறது. அதைச் சொல்ல நேரம் இல்லை, தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார். கடைசிப் படிக்கு வருவோம். எழுத்தை ஏற்றினீர்கள், இணைத்தீர்கள், மறுபடியும் 'ஆப்டிமைஸ்' செய்து சிக்கனப்படுத்தினீர்கள். ஏற்றுமதிப் பெட்டியில் 'ஆஸ் அனிமேஷன்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள், மறந்தால் பானை பொங்காமல் அப்படியே நிற்கும். 'லூப் ஃபாரெவர்' என்பதிலும் ஒரு டிக். வரும் தைக்கு உங்கள் குடும்பக் குழுவில், ப குதிக்காத பானை ஒன்றாவது வரட்டும்.