ஊட்டக்குறையும் உடற்குறையும்



தமிழில் 'குறை' என்னும் சொல் பல பொருள் தாங்கி வருவது. உறுப்புகள் இயல்பாக இயங்காமையும் குறை. உணவிற் சத்துப் போதாமையும் குறை. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. மூளை முடக்குவாதம் முதலியவற்றால் இயக்கம் குன்றிய இளங்குழந்தைகளின் பெற்றோர் சிலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதிவிடுகின்றனர். "பிறவியிலேயே இப்படி, இவன் உடம்பில் சதை எங்கே பிடிக்கப்போகிறது?" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோரும் உளர். அவர்களிடம் அன்புக்குப் பஞ்சமில்லை. எடுத்துச் சொல்வார்தாம் இலர்.

உடற்குறையுள்ள குழந்தைகள் மெலிந்துபோகும் வாய்ப்பு ஏனைய குழந்தைகளினும் நூற்றுக்கு 25 பங்கும், வளர்ச்சி குன்றும் வாய்ப்பு 34 பங்கும் மிகுதி என்று யூனிசெஃப் நிறுவனம் 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியுள்ளது. இதன் காரணங்களுட் பல நம்மால் நீக்கத் தக்கவை.

மெல்லவும் விழுங்கவும் இயலாத குழந்தைக்கு நாம் யாது கொடுக்கிறோம்? நீர்த்த கஞ்சி. வயிறு நிரம்புகிறது, சத்துச் சேர்வதில்லை. மேலும், நீராளமான உணவு தொண்டையில் விரைந்து இறங்குவதால், சில குழந்தைகளுக்கு அதுவே புரையேறுதற்கு ஏதுவாகிறது. மல்லாக்கக் கிடத்தி ஊட்டினால் இடர் இன்னும் மிகும். ஒரு வேளை உணவுக்கு ஒரு மணி நேரம் சென்றால், தாயும் சோர்கிறாள். குழந்தையும் பாதியில் நிறுத்திவிடுகிறது. மலச்சிக்கலும் பசியைக் கெடுக்கும்.

ஆதலின், முதுகுக்கும் பாதத்துக்கும் தாங்கல் கொடுத்து, தலை பின்னே சாயாமல், குழந்தையை நிமிர்த்தி அமர்த்துதல் வேண்டும். குழைந்த சோற்றைப் பருப்புடன் கட்டியின்றி மசித்து, சிறிது நெய்யோ எண்ணெயோ சேர்த்து, சிறு கரண்டியால் சிறுகச் சிறுகப் பலமுறை ஊட்டுக. ஒரு வாய் இறங்கிய பின்னரே மறு வாய். உண்ணும்போது அடிக்கடி இருமல் வந்தாலும், குரல் கரகரத்தாலும், மார்புச் சளியும் காய்ச்சலும் மீண்டும் மீண்டும் வந்தாலும், மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

மெலிவைக் கண்ணால் மதிப்பிடுவது போதாது. நிற்கவியலாத குழந்தையின் உயரத்தை அளப்பது அரிது. கையை அளப்பது எளிது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், அது கடும் ஊட்டக்குறையின் அறிகுறி. எடை பார்ப்பதற்கும் வழியுண்டு. தாய் குழந்தையை ஏந்தி நின்று ஒருமுறையும், தனியே நின்று ஒருமுறையும் நிறுத்து, வேறுபாட்டைக் கணக்கிடலாம். மாதந்தோறும் குறித்துவைத்தால், ஏற்றமும் இறக்கமும் தாமே விளங்கும்.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் உரியவை. 'நடக்காத பிள்ளையை அங்கே எதற்கு?' என்று தயங்குதல் வேண்டா. அப்பிள்ளைக்கே எடை பார்த்தல் மிகுதியும் தேவை. 2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு வரும்போது, குழந்தை உண்ணும் முறையையும் அவர்களிடம் விளக்கிக் கூறுக.

நல்ல ஊட்டம் உடற்குறையை முற்றும் நீக்கிவிடும் என்று நாம் கூறவில்லை. ஆயினும், நோயை எதிர்க்கவும், பயிற்சியை ஏற்கவும், சிரித்து விளையாடவும் வேண்டிய வலிமையை அதுவே தரும். குழந்தையின் உடற்குறைக்கு எவரையும் பொறுப்பாக்க இயலாது. அதன் பசியைத் தீர்க்கும் பொறுப்போ நம் அனைவருக்கும் உரியது.