பெல்ட் ஏன் நீள்கிறது? வாங்குமுன் அறிய வேண்டியவை

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெல்லைக் களத்து மேட்டிலேயே விற்றுவிட்டு வீடு திரும்பும் நிலை மெல்ல மாறி வருகிறது. உழவர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தாங்களே நெல்லைச் சுத்தம் செய்து, உலர்த்தி, அரைத்து விற்க முன்வந்துள்ளன. முன்பு ஆட்கள் தலையில் சுமந்த நெல்லை இக்கூடங்களில் எலிவேட்டரும் கன்வேயரும் சுமக்கின்றன. இயந்திரம் வாங்கும்போது மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்கிறோம். மணிக்கு எத்தனை டன் ஏற்றும் என்று கேட்கிறோம். ஆனால் சுமையைத் தாங்கும் பெல்ட்டினுள் இருப்பது என்ன நூல் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடையும் மழையும் சேர்ந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். ஈர நெல் குவிந்து கிடக்கும் அன்று பெல்ட் தொய்ந்து எலிவேட்டர் நின்றுவிட்டால், குவியலில் சூடேறும், நெல் முளைகட்டும், அரிசி பழுப்பேறும். பெல்ட்டின் விலையைவிட அந்த ஒரு நாள் இழப்பு பெரிது.

நீள்வது ரப்பர் அன்று

பெல்ட் நீண்டுவிட்டால் ரப்பர் மட்டமானது என்று குறை சொல்கிறோம். உண்மையில் ரப்பர் ஒரு போர்வையே. இழுவிசையைத் தாங்குவது உள்ளே அடுக்கடுக்காக ஒட்டியுள்ள துணி. ஆகவே நீள்வதும் துணியைப் பொறுத்ததே. இந்த நீட்சி மூன்று வகைப்படும்.

முதலாவது, நெசவினால் வருவது. தறியில் பாவு நூல் ஊடை நூலின் மேலும் கீழுமாக வளைந்து செல்கிறது. பெல்ட்டை இழுத்துப் பூட்டியதும் இந்த வளைவு நிமிர்கிறது. புதிதாகப் பின்னிய கயிற்றுக் கட்டில் முதல் சில நாட்களில் தொய்ந்து, மறுபடி இழுத்துக் கட்டியபின் நிலைபெறுவது போன்றது இது. புதுப் பெல்ட் முதல் வாரத்தில் நீள்வதற்கு இதுவே முக்கியக் காரணம். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, சுமை ஏறும்போது நீண்டு, சுமை இறங்கியதும் பழைய நிலைக்கு மீளும் நீட்சி. மூன்றாவது, நாள்பட்ட இழுப்பினால் நூலே சிறிது சிறிதாக நீண்டு, திரும்பாமல் நின்றுவிடும் நீட்சி. இவ்விரண்டும் எந்த நூல் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

எந்த நூல் நல்லது?

பருத்தி: கித்தான் பெல்ட்டுகள் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தவை. பருத்தி ஈரத்தை விரும்பும் பொருள். சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் 7 முதல் 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். நனைந்தால் நூல் பருத்து, துணி நீளத்தில் சுருங்கும். உலர்ந்தால் மீண்டும் தொய்யும். மழை நாளில் விறைத்துக்கொண்டு பேரிங்கை இழுக்கும். வெயில் நாளில் வழுக்கும். நனைந்தபடி கிடந்தால் பூசணம் பிடித்து இற்றுப்போகும்.

நைலான்: மிக வலிவானது, அடியும் அதிர்ச்சியும் தாங்கும், ஈரத்தில் இற்றுப்போகாது. ஆனால் இழுத்தால் நீளும் இயல்பு இதற்கு அதிகம். ஈரத்தையும் சுமார் 4 விழுக்காடு ஏற்கும்.

பாலியெஸ்டர்: வலிவில் நைலானுக்கு நெருங்கியது, நீட்சியோ குறைவு. ஏற்கும் ஈரம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே மழையிலும் வெயிலிலும் நீளம் பெரிதாக மாறுவதில்லை. ஆயினும் சூடான நீராவி நெடுநாள் பட்டால் இந்நூல் வலுவிழக்கும். புழுங்கல் நெல் வேகவைக்கும் தொட்டியின் ஆவி நேரே படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டின் நன்மையையும் சேர்த்து, நீளவாக்கில் பாலியெஸ்டரும் குறுக்குவாக்கில் நைலானும் வைத்து நெய்த துணியே தானிய வேலைக்கு ஏற்றது. பாவு நூல் நீட்சியைக் கட்டுப்படுத்தும். ஊடை நூல் வளைந்து கொடுத்து அடியைத் தாங்கும். இத்தகைய பெல்ட்டை ‘ஈ.பி.’ என்றும், இருபுறமும் நைலான் உள்ளதை ‘என்.என்.’ என்றும் குறிப்பது வழக்கம்.

ஈ.பி. 400/3 என்றால், 3 அடுக்குத் துணி, அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 40 கிலோ இழுப்பில் அறும் என்று பொருள். வேலைக்கு இதில் பத்தில் ஒரு பங்கையே கணக்கில் கொள்ள வேண்டும். 20 செ.மீ. அகலமுள்ள பெல்ட்டுக்கு அது சுமார் 800 கிலோ இழுப்பு ஆகும்.

வலிவு கூடட்டும் என்று அடுக்குகளைக் கூட்டி வாங்குவதும் தவறு. தடித்த பெல்ட் சிறிய கப்பியில் வளைய முடியாமல் அடுக்கு பிரிந்துவிடும். கப்பியின் விட்டத்தைக் கடைக்காரரிடம் சொல்லியே வாங்குங்கள்.

பெயர் அழிந்த பழைய பெல்ட்டாக இருந்தால், வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கூடத்துக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் நைலானோ பாலியெஸ்டரோ ஆகும்.

ஒரு சிறு கணக்கு

10 மீட்டர் உயரமுள்ள எலிவேட்டரில் பெல்ட்டின் சுற்று நீளம் சுமார் 21 மீட்டர். ஈ.பி. பெல்ட் 1.5 விழுக்காடு நீள்வதாகக் கொண்டால் 31 செ.மீ. கூடும். பெல்ட் இருபுறமும் தொங்குவதால், கீழ்க் கப்பி அதில் பாதி, அதாவது 16 செ.மீ. இறங்கினால் போதும். நைலான் பெல்ட் 3 விழுக்காடு நீண்டால் 32 செ.மீ. இறங்க வேண்டும். உங்கள் எலிவேட்டரின் இழுப்புத் திருகில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். இடம் போதாவிட்டால், திருகு எல்லைக்கு வந்தபின் பெல்ட் தொய்ந்து, வாளிகள் அடித்தட்டில் உரசும். பிறகு பெல்ட்டை வெட்டி மறுபடி இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல எஃகு வடம் பதித்த பெல்ட்டுகள் பயன்படுவதற்கும் இக்கணக்கே காரணம். நீளம் கூடக்கூடச் சிறு விழுக்காடும் பெரிய அளவாகிவிடும். நம் கூடங்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

மேலுறையும் முக்கியம்

நெல்லுக்குச் சாதாரண ரப்பர் உறை போதும். தவிடு, நிலக்கடலைப் பருப்பு, கொப்பரை போன்ற எண்ணெய்ப் பொருள்கள் படும் இடத்தில் அது ஊறி உப்பிவிடும். அங்கு நைட்ரைல் ரப்பர் உறையுள்ள பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. உறை துடைக்க எளிது. ஆனால் உலர்த்தியிலிருந்து சூடாக வரும் தானியத்தில் இளகிவிடும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. வேலை தொடங்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கீழ்க் கப்பியை மேல் எல்லைக்கு ஏற்றி வைத்தபின் பெல்ட்டை நன்கு இழுத்து இணையுங்கள். திருகின் முழு இடமும் பின்னாளைய நீட்சிக்கு மிஞ்ச வேண்டும்.

3. இரு பக்கத் திருகுகளையும் சமமாகத் திருகுங்கள். இல்லையேல் பெல்ட் ஒருபுறம் ஒதுங்கி ஓரம் தேயும்.

4. முதல் நாள் ஓட்டியபின் ஒரு முறையும், முதல் வாரம் முடிந்ததும் ஒரு முறையும் இழுப்பைச் சரிசெய்யுங்கள். புதுப் பெல்ட்டை அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே பூட்டி ஓட்டிப் பார்ப்பது நலம்.

5. வழுக்காத அளவு இழுப்பே போதும். அதற்கு மேல் முறுக்கினால் இணைப்பு அறும், பேரிங் கெடும்.

6. பெல்ட் வழுக்கினால் உடனே திருகைத் தொடாதீர்கள். அடித்தொட்டியில் நெல் அடைத்திருக்கிறதா, கப்பியின் ரப்பர் உறை தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வழுக்கும் பெல்ட்டை அப்படியே ஓடவிடுவது பெரும் ஆபத்து. கப்பியில் உராய்ந்து உராய்ந்து சூடேறும். எலிவேட்டர் கூண்டினுள் பறக்கும் நுண்தூசி அச்சூட்டில் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். பெல்ட் தொய்வதைச் சிறு தொல்லையாகக் கருதாமல், உயிருக்கும் உடைமைக்கும் வந்த எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

ஆகவே அடுத்த முறை பெல்ட் வாங்கச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நீளவாக்கில் என்ன நூல்? எத்தனை அடுக்கு, என்ன வலிவு? மேலுறை எதற்கு ஏற்றது? ஐ.எஸ். 1891 என்ற இந்தியத் தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பெல்ட்டை ஆண்டுக்கு இருமுறை வெட்டி இணைப்பதைவிட, ஏற்ற நூலாலான பெல்ட்டை ஒருமுறை பூட்டி, முதல் வாரம் கவனித்து வருவதே சிக்கனம். விளைந்த நெல் வீணாகாமல் காத்துப் பயனடையுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.