மூளைக்குள் ஒரு புள்ளிக் கோலம்

(சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டெல்லி கரோல் பாகில் முப்பது வருஷம் குடியிருந்தவர் என் அத்திம்பேர். 2016-ல் ஒரு நாள் சாயங்காலம் வாக்கிங் போனவர் எட்டு மணி ஆகியும் அகத்துக்குத் திரும்பவில்லை. தேடிப் போனால், இரண்டு தெரு தள்ளி நின்றுகொண்டிருக்கிறார். "எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்குடா" என்றார். நாங்கள் சிரித்தோம். பெயர், பாங்க் கணக்கு, ஸ்லோகம் எதுவும் மறக்காத மனிதர். அதனால் யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் விஞ்ஞானம் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1971-ல் லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் ஜான் ஓ'கீஃப் என்பவர் எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் மெல்லிய கம்பிகளைப் பொருத்திக் கவனித்தார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு செல் சடசடவென்று துடித்தது. எலி நகர்ந்தால் அது மௌனம். வேறு செல் துடிக்கும். எந்தச் செல்கள் துடிக்கின்றன என்று பார்த்தே எலி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

2005-ல் நார்வேயின் ட்ரோன்ட்ஹைம் நகரில் மே-பிரிட், எட்வர்ட் மோஸர் தம்பதியின் குழு, அதற்குப் பக்கத்திலுள்ள என்டோரைனல் கார்டெக்ஸில் இன்னொரு அதிசயத்தைக் கண்டது. அங்கே ஒரே செல் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைத் தாளில் குறித்தால் என்ன கிடைத்தது தெரியுமா? மாமிகளுக்கு உடனே புரியும்: நேர்ப்புள்ளி அல்ல, ஊடுபுள்ளிக் கோலம்! ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சம தூரத்தில் ஆறு புள்ளிகள். தரையில் யாரும் புள்ளி வைக்கவில்லை, மூளையே வைத்துக்கொண்டது. விளக்கை அணைத்த பிறகும் கோலம் கலையவில்லை. நடந்த தூரம், திரும்பிய திசை இரண்டையும் மூளை உள்ளுக்குள் கணக்கு வைக்கிறது என்று இதிலிருந்து ஊகித்தார்கள். மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எலிக்கு மட்டுந்தானா என்று கேட்பீர்கள். வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் கம்பி பொருத்தப்பட்ட நோயாளிகளிடமும் இப்படிப்பட்ட செல்களைப் பிற்பாடு கண்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அல்ஸைமர் வியாதி முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று இதே என்டோரைனல் கார்டெக்ஸ். அதனால்தான் சிலருக்குப் பெயர்கள் மறப்பதற்கு முன்பே வழி மறக்கிறது. அத்திம்பேரை நியூராலஜிஸ்டிடம் அழைத்துப் போனது 2018-ல். இரண்டு வருஷம் வீணாயிற்று. வியாதியைத் தீர்க்க மருந்து இல்லைதான். ஆனால் தனியாக வெளியே அனுப்பாமலாவது இருந்திருப்போம்.

புது ஊரில் வழி தப்புவது வியாதி அல்ல. எனக்கு இருபது வயதிலிருந்தே அது உண்டு! பழகிய பாதையில் திரும்பத் திரும்பத் தப்பினால்தான் கவனிக்க வேண்டும். டாக்டரிடம் வெறுமனே "மறதி" என்று சொல்லாமல், எந்த இடத்தில், எத்தனை தடவை என்று எழுதிக்கொண்டு போங்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள். அன்றைக்கு நாங்கள் சிரித்த பிறகு இன்னும் நாலைந்து தடவை வழி தப்பியதை அத்திம்பேர் எங்களிடம் மறைத்துவிட்டாராம். அக்கா வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.