மாடிக் குழாய் எங்கே போய் முடியுது?

(கோடம்பாக்கத்தில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்க மொட்டை மாடியில் விழுகிற மழைத் தண்ணீர், குழாயில் இறங்கி எங்கே போகுதுன்னு தெரியுமா?

எனக்கும் பல வருஷம் தெரியாது. ஒரு ஐப்பசி மழையில், கீழ்வீட்டுக் குளியலறையில் சாக்கடைத் தண்ணீர் பொங்கி வந்தது. அப்போதுதான் தேடிப் பார்த்தேன். எப்போதோ வேலை செய்த பிளம்பர், மாடிக் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியோடு இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். மழை நம்ம மாடியில், நாற்றம் கீழ்வீட்டில்!

கணக்கு ரொம்ப சுலபம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். பத்து சென்டிமீட்டர் பெய்தால் 9,300 லிட்டர். ஒரு தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் இதைச் சாக்கடையில் விட்டால் என்ன ஆகும்? பாதாளச் சாக்கடை, வீட்டுக் கழிவுநீரின் அளவுக்குப் போட்டது. மழையையும் சேர்த்துத் தாங்காது. தாழ்வாக இருக்கிற வீட்டில்தான் முதலில் பொங்கும். அதனால் மழைநீரைக் கழிவுநீர் இணைப்பில் விடவே கூடாது. அது போக வேண்டிய இடம் மழைநீர் சேகரிப்புத் தொட்டி அல்லது கிணறு. 2003-லேயே அரசு இதை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அன்று அவசரமாகத் தோண்டிய குழிகளில் எத்தனை இன்று மண் மூடிக் கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். 2019 கோடையில் பூண்டியும் செம்பரம்பாக்கமும் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றதை மறந்துவிட முடியுமா?

சரி, வேலைக்கு வருவோம். புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறுங்கள். முதலில் பெருக்குங்கள். வேப்பிலை, புங்க இலை, பட்டாசுக் காகிதம், போன பொங்கலுக்கு விட்ட பட்டத்தின் வால், எல்லாம் குழாய் வாயில்தான் சேரும். வாயில் சல்லடை மூடி இல்லையென்றால் ஒன்று வாங்கிப் போடுங்கள். அது பெரிய செலவில்லை.

அடுத்து, குழாயிலிருந்து தூரமாக இருக்கிற மூலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் குழாயை நோக்கி ஓட வேண்டும். நடுவில் தேங்கினால் வாட்டம் கெட்டுவிட்டது, கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், குழாய் அடைத்து ஆயிரம் சதுர அடியில் நாலு அங்குலம் தண்ணீர் நின்றால் எடை ஒன்பது டன்னுக்கு மேல். பழைய வீடுகளில் சீலிங் ஒழுகுவதற்கு இப்படித் தேங்கும் தண்ணீரும் ஒரு காரணம். ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் டெங்கு கொசுவும் அதில் வளரும்.

ஒருவர் மேலிருந்து ஊற்றும்போது இன்னொருவர் கீழே நிற்கட்டும். தண்ணீர் மெதுவாக வந்தால் அடைப்பு பெரும்பாலும் வளைவில்தான் இருக்கும். டோர் பெண்ட் இருந்தால் அதன் மூடியைத் திறந்து கையால் எடுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், பிவிசி குழாய் விரிந்துவிடும். மாடியில் ஷீட் போட்டவர்கள் ஓரத்துத் தகரக் கால்வாயையும் பார்க்க வேண்டும். ஏணியை ஒருவர் பிடிக்காமல் ஏறாதீர்கள். இதை என் மனைவி சொல்லச் சொன்னார், அதற்கும் காரணம் உண்டு!

கடைசியாகச் சேகரிப்புத் தொட்டி. மேல் மணலை அள்ளிக் கழுவி மறுபடி போடுங்கள், கீழே இருக்கிற கூழாங்கல்லையும் அலசுங்கள். முதல் மழைத் தண்ணீரில் மாடித் தூசும் பறவை எச்சமும் இருக்கும். அதைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள்.

தெருவில் மழைநீர் வடிகால் அடைத்திருந்தால் மாநகராட்சியின் 1913, கழிவுநீர் பொங்கினால் குடிநீர் வாரியத்தின் 1916. மழை கொட்டும்போது நீங்களே மேன்ஹோல் மூடியைத் திறக்காதீர்கள். போன் செய்யும்போது கதவு எண், தெருப் பெயரோடு பக்கத்தில் இருக்கிற கோயிலோ கடையோ ஏதாவது ஒரு அடையாளமும் சொல்லுங்கள், ஆள் வந்து சேர வசதியாக இருக்கும்.