மழைக்கு முன் ஒரு படம், மழைக்குப் பின் ஒரு படம்

(நாவலூர் வட்டாரச் சிறு விவசாயிகள் கூட்டத்தில் உழவியல் துறை உதவிப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், களை பற்றிப் பேச வேண்டிய துறையிலிருந்து வந்து புகைப்படத்தைப் பற்றிப் பேசுவது என்ன பொருத்தம் என்று சிலர் நினைக்கக்கூடும். உங்களில் பெரும்பாலோர் சட்டைப் பையில் இன்று கைப்பேசி இருக்கிறது. அதில் காமிராவும் இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்கிறோம். பயிர் சாய்ந்துவிட்டால், ஓடிப்போய் அதையும் ஒரு படம் எடுக்கிறோம். பயிர் கெட்ட பிறகு எடுத்த அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பயிர் நன்றாக இருந்தபோது, அதே இடத்தில் நின்று எடுத்த படம் பக்கத்தில் இருந்தால்தான் இரண்டுக்கும் பொருள் உண்டு. இன்று நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான்.

நமது பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 முதல் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் சுமார் 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்திலும் அது பரவலாகப் பெய்வதில்லை. சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில்! 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஒரே இரவில் கழனியும் தோப்பும் அடையாளம் மாறிப்போகின்றன. பத்து நாள் கழித்துக் கேட்டால், தண்ணீர் இடுப்பளவு நின்றது என்பார் ஒருவர். முழங்கால்தான் என்பார் அடுத்த வரப்புக்காரர். இருவருமே பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான்.

முளைக்குச்சி ஒன்று போதும்

கழனியின் ஒரு மூலையில், நிலம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து வரப்பில் ஒரு முளைக்குச்சி அடியுங்கள். படம் எடுக்க எப்போதும் அங்கேதான் நிற்க வேண்டும். கழனிக்குள், பார்வைக்கு நேராக, சுமார் நான்கடி உயரத்துக்கு வேறொரு கம்பு நட்டு, அரை அடிக்கு ஒரு கோடாக வெள்ளைச் சுண்ணாம்பும் சிவப்பு வண்ணமும் மாற்றி மாற்றிப் பூசுங்கள். சுண்ணாம்பு மழையில் கரையும். எனாமல் வண்ணமானால் இரண்டு ஆண்டு தாங்கும். படத்தின் ஓரத்தில் ஒரு பனைமரமோ மின்கம்பமோ, மாறாத பொருள் ஒன்று விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தப் பொருள் அதே ஓரத்தில் விழுந்தால், சரியான கோணத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள்.

இது புதிய முறை அல்ல. ஆல்ப்சு மலையின் பனியாறுகள் எவ்வளவு சுருங்குகின்றன என்று அறிய, ஃபின்ஸ்டர்வால்டர் என்ற ஜெர்மானியர் 1888லேயே நிலையான இடங்களிலிருந்து திரும்பத் திரும்பப் படம் எடுக்கும் வேலையைத் தொடங்கினார். அங்கே பனி, நமக்கு ஏரித் தண்ணீர்.

நட்டவுடன் ஒரு படம், தூர் கட்டும்போது ஒன்று, கதிர் வரும்போது ஒன்று, அறுவடைக்கு முன் ஒன்று. சம்பாவுக்கு மட்டுமன்றி நவரைக்கும் சொர்ணவாரிக்கும் இப்படியே செய்யலாம். சாதாரண நாட்களில் இவ்வளவு போதும். கனமழை எச்சரிக்கை வந்தால் மட்டும் மழைக்கு முந்தின நாள் ஒரு படமும், தண்ணீர் நிற்கும் நாட்களில் நாள்தோறும் காலையில் ஒரு படமும் எடுக்க வேண்டும். எத்தனை நாள், எந்தக் கோடு வரை நீர் நின்றது என்பது அதில் தெரிந்துவிடும். பயிர் இரண்டு நாள் மூழ்கியதா, பத்து நாள் மூழ்கியதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலையைச் சொல்ல முடியும். நீர் வடியாமல் யூரியா இடுவது பணத்தை மதகில் விடுவதற்குச் சமம். வடிந்த பின், ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சமும் 4 கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷுடன் சேர்த்து இடலாம். ஆண்டுதோறும் ஒரு வாரத்துக்கு மேல் முழுகும் பள்ளக் கழனி என்று படங்கள் காட்டுமானால், வெள்ளத்தைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற இரகத்தை யோசிக்கலாம்.

இழப்பீடும் படமும்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயிர்க் காப்பீட்டில் மகசூல் இழப்புக்கான தொகை, உங்கள் ஒருவர் கழனியை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. கிராமம் அல்லது பிர்க்கா அளவில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்தே அது முடிவாகிறது. அதற்கு உங்கள் படம் உதவாது. தனிப்பட்ட கழனிக்கு நேரும் உள்ளூர்ச் சேதத்துக்குத்தான் அது உதவும். அந்தச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். நெற்பயிர் நீரில் மூழ்குதல் இந்த வகையிலிருந்து 2018இல் நீக்கப்பட்டிருந்தது. 2026 காரிஃப் பருவம் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. உங்கள் பயிருக்கும் பருவத்துக்கும் எது பொருந்தும் என்பதை, பிரிமியம் கட்டும் போதே வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசின் பேரிடர் நிவாரணத்துக்கோ, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதம் இருக்க வேண்டும். கணக்கெடுக்க வருபவர் பல ஊர் பார்த்து உங்களிடம் வருவதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும். அப்போது தேதி போட்ட படங்கள் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் வசதியை முடுக்கிவிட்டு எடுத்தால், படத்தோடு தேதியும் நேரமும் இடமும் பதிவாகும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் இந்த விவரம் போய்விடும், படமும் மங்கும். ஆகவே மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

கழனிக்கு மட்டுமல்ல, ஏரிக்கும் இது பொருந்தும். கட்டடங்கள் பெருகிவரும் இந்தச் சாலையோர ஊர்களில், எந்த வழியாக மழைநீர் வழக்கமாக ஓடியது என்று நாளைக்கு யார் கேட்டாலும் காட்டுவதற்குச் சான்று வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலைக்கு மேற்கே உள்ள ஏரிகளின் உபரிநீர் பல இடங்களில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும் போய்ச் சேர வேண்டும். கரையில் ஒரே இடத்தில் நின்று, சித்திரையில் வறண்ட ஏரியையும் கார்த்திகையில் நிறைந்த ஏரியையும், கலங்கலையும் வரத்துக் கால்வாயையும் ஆண்டுக்கு இரு முறை எடுத்து வைத்தால், வாய்க்கால் எந்த ஆண்டில் தூர்ந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஊர் இளைஞர்கள் இதைச் செய்யலாம்.

இலையைப் படம் எடுக்கும்போது

நோய்க்கு ஆலோசனை கேட்டு அனுப்பப்படும் படங்களில் நிறைய படங்கள் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. நெல்லில் குலைநோய்ப் புள்ளி கண் வடிவில், நடுவே சாம்பல் நிறமாக இருக்கும். செம்புள்ளி நோய் வட்டமாகவோ முட்டை வடிவாகவோ பழுப்பாக இருக்கும். மூன்றடி தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான். முதலில் கழனி முழுவதும், பிறகு ஒரு குத்து, பிறகு ஒரு சாண் தூரத்தில் ஓர் இலை என்று மூன்று படம் எடுங்கள். அதைவிட நெருங்கினால் பல கைப்பேசிகளில் படம் கலங்கும். அளவு தெரிய ஒரு தீப்பெட்டியை அருகில் வையுங்கள். நோயுள்ள செடியும் நல்ல செடியும் சந்திக்கும் எல்லையையும் எடுங்கள். தென்னையில் சுருள் வெள்ளை ஈக்கு (2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது) மட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பி எடுக்காவிட்டால், மேலே படிந்த கரும்பூசணம்தான் தெரியும், ஈ தெரியாது.

இலையில் நீர்த்துளி இருந்தால் அது படத்தில் புள்ளிபோல் மின்னும். உதறிவிட்டு எடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். மேகமூட்டமான காலை நேரமே இதற்கு ஏற்றது. வெயிலானால் உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நில்லுங்கள். இலை வண்ண அட்டையைப் பார்க்கும்போதும் அப்படித்தானே நிற்கிறோம்! ஆனால் அந்த அட்டைக்குப் பதிலாகப் படத்தை நம்பி யூரியா இடாதீர்கள். கைப்பேசி தானாகவே பச்சையைக் கூட்டிக் குறைத்துவிடும்.

வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரு வார்த்தை. மாவில் ஒரே கிளையைத் தேர்ந்து, மார்கழி முதல் பங்குனி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுங்கள். மழை நீண்ட ஆண்டில் பூவுக்குப் பதில் தளிர் தள்ளுவதும், பூத்த பின் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் எந்த வாரத்தில் வருகின்றன என்பதும் மூன்று ஆண்டுப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். ஊர்ப் பெயரிலேயே நாவல் இருக்கிறது. நாவல் மரம் பூப்பதையும் பழுப்பதையும் பிள்ளைகள் எடுத்துவரட்டும்.

இதெல்லாம் காட்டுக்குப் போகிறவர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) யானையையும் படம் எடுத்தார். வீட்டு முற்றத்து அணிலையும் காகத்தையும் அதே கவனத்தோடு பார்த்து எழுதினார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளேட்டில் 1950 முதல் இறுதிவரை எழுதிவந்தார். பல துண்டுகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவில், கறுப்பு வெள்ளையில்தான் அவர் எடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் நூலாக வந்துள்ளன. நூலகத்தில் கிடைத்தால் படியுங்கள்.

ஈரத்திலிருந்து காத்தல்

மழையில் கைப்பேசியைக் கண்ணாடிபோன்ற பாலித்தீன் உறையில் இட்டு, லென்சு இருக்குமிடத்தில் மட்டும் சிறு துளை விடுங்கள். ஈர விரலுக்குத் திரை பணியாது. ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான கைப்பேசிகள் படம் எடுத்துவிடும். லென்சைப் பழைய பருத்தி வேட்டித் துணியால் துடையுங்கள். நனைந்துவிட்டால் உடனே அணைத்துவிட்டு, காற்றோட்டத்தில் உலர விடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள். அரிசியில் புதைத்தால் தவிடும் தூசும் துளைகளில் ஏறும். பழைய பிலிம் காமிரா வைத்திருப்பவர்கள் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சாணம் படரும். நீல நிற ஜெல் வெளிர்சிவப்பானால் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

இடி மின்னலின்போது கழனிக்குப் போகாதீர்கள். அறுந்த மின்கம்பி கிடக்கும் நீரில் எந்தப் படத்துக்காகவும் கால் வைக்காதீர்கள்.

கைப்பேசி தொலைந்தால் படமும் தொலையும். பருவத்துக்கு நான்கு படங்களை அச்சிட்டு, பின்புறம் தேதி, சர்வே எண், இரகம், நட்ட நாள் எழுதிப் பட்டா நகலோடு வையுங்கள். முளைக்குச்சியை ஐப்பசி பிறக்கும் முன் அடித்துவிட வேண்டும். அதன் பிறகு கழனியில் இறங்கவே இடமிருக்காது. நோய் கண்ட பயிரின் படம் இப்போது யாரிடமாவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் காட்டலாம். இலையையே பறித்து வந்திருந்தால் இன்னும் நல்லது.