இல்லத்தில் விட்ட பிள்ளைக்கு யார் காவல்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து சேமிப்பு, சுழல்நிதி, வங்கிக் கடன்னு நிறையப் பேசியாச்சு. நான் கொஞ்சம் வேற விஷயம் பேசப் போறேன். கேட்கக் கஷ்டமா இருக்கும். ஆனா நம்ம குழுக்களில் புருஷனை இழந்து, வழியில்லாமல் பிள்ளையை ஏதாவது ஒரு இல்லத்தில் விட்டவங்க இருக்காங்க. அதனால இதை நாம பேசித்தான் ஆகணும்.

அயர்லாந்து என்று ஒரு நாடு, இங்கிலாந்துக்குப் பக்கத்துத் தீவு. நம்ம நாட்டைப் போலவே வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்து விடுதலை அடைந்த நாடு. அங்கே ஏழைப் பிள்ளைகளுக்காகத் ‘தொழிற்பள்ளிகள்’ என்று ஐம்பது அளவில் இருந்தன. கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்தின. அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அப்பா இறந்திருப்பார், அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது, வீட்டில் சோறு இருக்காது. நீதிமன்றமே உத்தரவு போட்டு, 16 வயது வரைக்கும் உள்ளே அனுப்பிவிடும்.

டப்ளின் நகரத்தில் கோல்டன்பிரிட்ஜ் என்ற பெண் பிள்ளைகள் இல்லம். அங்கே பிள்ளைகளுக்கு ஜெபமாலை கோர்க்கும் வேலை. கம்பியில் மணி கோர்த்து வளைத்து முடிக்கணும். பத்து மணி சேர்ந்தது ஒரு பத்து. நாளைக்கு 60 பத்து, அதாவது 600 மணி. முடிக்கலேன்னா அடி. பீடி சுற்றியவங்க, பூ கட்டியவங்க இங்கே இருக்கீங்க. கை எப்படி வலிக்கும்னு உங்களுக்குத் தெரியும். அது பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கை என்று நினைச்சுப் பாருங்க.

அங்கே வளர்ந்த கிறிஸ்டின் பக்லி என்ற பெண் 1992-ல் வானொலியில் வாய் திறந்தார். 1996-ல் அவர் கதை தொலைக்காட்சியில் வந்தது. சொன்னதை நம்பாதவர்கள் நிறைய. கன்னியாஸ்திரிகளைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்டார்கள். ஆனால் அவரைப் பார்த்து ஒவ்வொருவராக ‘எனக்கும் நடந்தது’ என்று சொல்ல வந்தார்கள். 1999-ல் மேரி ராஃப்டரி என்ற பத்திரிகையாளர் பழைய அரசாங்கக் கோப்புகளைத் தேடிப் பிடித்து, மூன்று பகுதிகளாகத் தொலைக்காட்சியில் காட்டினார். அந்த ஆண்டு மே 11-ஆம் தேதி அந்த நாட்டுப் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அறிக்கை வெளிவந்தது 2009 மே மாதம். ஐந்து தொகுதிகள். தனியாக அமர்ந்து வாக்குமூலம் கொடுத்தவர்களே ஆயிரத்துக்கு மேல். அடி, பசி, அவமானம், பாலியல் கொடுமை எல்லாம் பதிவானது. ஆண் பிள்ளைகள் இல்லங்களில் பாலியல் கொடுமை ஊறிப்போயிருந்தது என்று ஆணையம் சொன்னது. கல்வித்துறை ஆய்வாளர்கள் போகாமல் இல்லை. போய்க் கட்டிடத்தைப் பார்த்தார்கள், உணவைப் பார்த்தார்கள், பிள்ளைகளோடு பேசியது மிக அரிது. சபைகளைக் கேள்வி கேட்கவே துறை தயங்கியது.

இன்னொன்றும் அந்த அறிக்கையில் இருக்கு. யாரோ ஒருவர் எப்போதோ சொன்ன அன்பான வார்த்தையை, அறுபது எழுபது வயதிலும் அவர்கள் மறக்காமல் சொன்னார்கள். அத்தனை அபூர்வமாக அன்பு கிடைத்திருக்கிறது. இது ஒரு மதத்தைக் குறை சொல்லும் பேச்சு இல்லீங்க. சேவை மனசோடு பிள்ளை வளர்த்தவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. ஆனால் சாமி பேரைச் சொல்லி நடக்கிற இடத்தில் கேள்வி கேட்பதே பாவம் என்று ஊர் நினைத்தால், கெட்டவனுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

சரி, நியாயம் கிடைத்ததா? பாதி கிடைத்தது என்றுதான் சொல்வேன்.

2002-ல் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 15,000 பேருக்கு மேல் பணம் கிடைத்தது. சராசரியாக ஆளுக்குச் சுமார் 62,000 யூரோ. ஆனால் தங்களுக்குக் கிடைத்த இழப்பீட்டைப் பற்றி வெளியே சொன்னால் குற்றம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. சின்ன வயதில் ‘வாயை மூடு’ என்று அடி வாங்கியவர்களிடம், பணம் கொடுத்து மறுபடியும் வாயை மூடச் சொன்னது போல ஆனது. மொத்தச் செலவு 100 கோடி யூரோவைத் தாண்டியது. சபைகள் முதலில் ஒப்புக்கொண்டது 12.8 கோடி மட்டும். மீதிச் சுமை வரி கட்டும் மக்கள் தலையில். விசாரணை அறிக்கையில் கொடுமை செய்தவர்களின் உண்மைப் பெயர் போடக் கூடாது என்று ஒரு சபை வழக்குப் போட்டு, அதுவும் நடந்தது. தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலர்.

மக்தலேனா சலவை நிலையங்கள் என்று இன்னொரு கொடுமை. பெண்களை உள்ளே வைத்துக் கூலி இல்லாமல் துணி துவைக்க வைத்தார்கள். கடைசி நிலையம் மூடியது 1996-ல். அந்தப் பெண்களிடம் அரசு மன்னிப்புக் கேட்க 2013 ஆகிவிட்டது.

டுவாம் என்ற ஊரில் கல்யாணமாகாத தாய்மார்களுக்கான இல்லம் 1925 முதல் 1961 வரை நடந்தது. கேத்தரின் கோர்லஸ் என்ற உள்ளூர்ப் பெண், அங்கே இறந்த பிள்ளைகளின் இறப்புச் சான்றுகளைக் கட்டணம் கட்டி ஒவ்வொன்றாக வாங்கினார். 796 பெயர். அந்தப் பெயர்களை ஊர்க் கல்லறைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய யாருமே அங்கே இல்லை. பழைய கழிவுநீர்த் தொட்டி இருந்த இடத்தில் பிள்ளைகளின் எலும்புகள் கிடப்பதாக 2017-ல் அரசு ஆணையமே உறுதி செய்தது. முழுமையாகத் தோண்டி எடுக்கும் வேலை 2025 ஜூலையில்தான் தொடங்கியது. அந்தம்மா பெரிய பதவியில் இருந்தவர் இல்லை. பதிவேட்டையும் பதிவேட்டையும் வைத்துச் சரிபார்த்தார், அவ்வளவுதான். வரவு செலவு நோட்டும் பாஸ்புக்கும் ஒத்துப்போகுதான்னு மாசாமாசம் பார்க்கிற நமக்கு அந்த வேலை புதுசா?

நம்ம சட்டத்தையும் தெரிஞ்சுக்கோங்க. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லம் எதுவானாலும், யார் நடத்தினாலும், பதிவு செய்யணும். போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். சின்ன வயதில் நடந்ததைப் பெரியவரான பிறகும் புகார் கொடுக்கலாம், காலக்கெடு இல்லை என்று 2018-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியிருக்கு. உடனே உதவி வேணும்னா 1098.

பிள்ளையை இல்லத்தில் விடும் முன்னே பதிவுச் சான்றைக் கேளுங்க. நினைச்ச நேரத்தில் வந்து பார்க்கலாமான்னு கேளுங்க. பார்க்கப் போனால், யாரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையோடு தனியா அரை மணி நேரம் பேசுங்க. லீவுக்கு வந்த பிள்ளை ‘திரும்பப் போக மாட்டேன்’னு அழுதா, அடம் பிடிக்குதுன்னு அதட்டி பஸ் ஏற்றாதீங்க. ஏன்னு கேளுங்க. சொன்னால் நம்புங்க.

முக்கியமா ஒண்ணு. பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தாய் பிள்ளையைப் பிரியறாங்கன்னா, அது அவங்க வீட்டு விவகாரம் மட்டும் இல்லை, குழுவின் விவகாரம். உள்கடன் கொடுக்க முடியுமா, விதவை உதவித்தொகைக்கு மனு எழுதித் தர முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசுங்க. உங்க ஊரிலிருந்து எந்தெந்தப் பிள்ளை எந்த இல்லத்தில் இருக்கு, கடைசியாக யார், எப்போது போய்ப் பார்த்தார்கள் என்று தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்க. மாசம் ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து படிங்க. இதை ஒரு தீர்மானமாக இந்த மேடையில் முன்மொழிகிறேன். வழிமொழியறவங்க கை தூக்குங்க.