கடலடிக் குழாயினுள் ஒரு பயணம்



அடுக்களையில் ஊதுகுழலினுள்ளே சாம்பல் அடைத்துக்கொண்டால் ஈர்க்கொன்றை உள்ளே விட்டுக் குத்தி எடுத்துவிடுகின்றோம். ஒரு முழக் குழலுக்கு அது போதும். ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீண்ட குழாயொன்று கடலின் அடியிற் கிடக்குமாயின், அதனை எங்ஙனம் துப்புரவு செய்வது?

இது வெறுங் கற்பனை வினாவன்று. ருஷ்யாவின் வீபோர்க் நகருக்கு அண்மையிலிருந்து ஜேர்மனியின் லுப்மின் வரை, போல்ற்றிக் கடலடியில், ‘நோர்ட் ஸ்ட்ரீம்’ எனும் இரட்டைக் குழாய்கள் இடப்பட்டன. 2011 இல் ஒன்றும் 2012 இல் மற்றொன்றும் இயற்கை வாயுவைக் கொண்டுசெல்லத் தொடங்கின. ஒவ்வொன்றின் நீளமும் 1,224 கிலோமீற்றர். ஏறக்குறைய 12 மீற்றர் நீளமான உருக்குத் துண்டுகள் ஓர் இலட்சம் வரை பற்றவைத்து இணைக்கப்பட்டவை. இடைவழியில் நிலையம் ஏதுமில்லை. 2022 செப்தெம்பர் 26 ஆந் திகதி நிகழ்ந்த வெடிப்புகளால் அவ்விரண்டும் உடைந்தன. அந்தக் கதை நமது பேச்சுக்குரியதன்று. இத்தகைய குழாய்களை உள்ளிருந்தே காக்கும் முறைதான் இன்றைய பொருள்.

வாயு செல்லும் குழாயில் அழுக்கு ஏது என்று கேட்கலாம். சிறிது ஈரம் தங்கினும் அது கரியமில வாயுவுடன் கூடி அமிலமாகி உருக்கை அரிக்கும். இரும்புத் துருவும் இரும்புச் சல்பைட்டும் கலந்த கருந்தூள் அடியிற் படியும். இன்னுமொன்று விந்தையானது. குளிர்ந்த கடலடியில், மிகுந்த அமுக்கத்தில், நீரும் வாயுவுஞ் சேர்ந்து பனிக்கட்டி போன்றதொரு திண்மமாகும். நீர் உறையும் வெப்பநிலைக்கு மேலேயே அது உறைந்துவிடும். தீ மூட்டினால் எரியும்! குழாய்களை அடைப்பது வெறும் பனிக்கட்டியன்று, இப்பொருளே என்று 1934 இல் அமெரிக்கரான ஹாமர்ஷ்மிட் எடுத்துக்காட்டினார்.

இவற்றையெல்லாம் துடைத்தெடுக்க உள்ளே அனுப்பப்படும் கருவிக்குத் தொழிலாளர் இட்ட பெயர் ‘பன்றி’. பழைய தோற்பட்டைக் கருவிகள் குழாயினுள் உராய்ந்து செல்லுகையிற் கீச்சிட்டமையால் இப்பெயர் வந்ததென்பர். அழகிய பெயரன்று, ஆயினும் சேற்றிற் புரண்டு வருவதற்குப் பொருத்தமானதே.

பன்றிக்குக் காலுமில்லை, இயந்திரமுமில்லை. கரையிலே, குழாயிலும் சற்று அகன்ற அறையொன்றில் அதனை வைத்துக் கதவை இறுக மூடுவர். அறையின் அமுக்கம் குழாயின் அமுக்கத்துக்குச் சமமானதும் முன்வாயிலைத் திறந்து, பின்புறமாக வாயுவைச் செலுத்துவர். எடுத்துச் செல்லப்படும் வாயுவே அதனைத் தள்ளிச் செல்லும். விநாடிக்கு ஒன்றரை மீற்றர் வேகத்திற் சென்றால் 1,224 கிலோமீற்றரைக் கடக்க ஒன்பது நாளுக்கு மேலாகும்.

எடுத்த எடுப்பிலேயே விலையுயர்ந்த கருவியை அனுப்புவாரில்லை. முதலில் மெத்தென்ற நுரைப்பன்றி. பின்னர்த் தூரிகை கட்டிய பன்றி. அப்பால் மெல்லிய அலுமினியத் தட்டைச் சுமந்தது. அத்தட்டு வளைந்து வந்தால் உள்ளே எங்கோ நெளிவு உண்டென்று பொருள். வழி சீரென்று தெளிந்த பின்னரே நோய் காணும் ‘அறிவுடைப் பன்றி’ புறப்படும்.

அது பெரிய காந்தங்களால் உருக்குச் சுவரைக் காந்தப்புலத்தால் நிரப்பிக்கொண்டே செல்லும். வாய்க்கால் ஒடுங்கிய இடத்தில் நீர் வரம்பு மீறி வழிவதுபோல, சுவர் அரித்து மெலிந்த இடத்திலே காந்தப்புலம் வெளியே கசியும். அக்கசிவை வளையமாகப் பொருத்திய உணரிகள் பதிவுசெய்யும். நுண்ணொலியாலும் சுவரின் தடிப்பை அளக்கலாமெனினும், அவ்வொலி கருவியிலிருந்து சுவருக்குச் செல்ல இடையே திரவம் வேண்டும். வாயுக் குழாயில் அஃதில்லை. ஆதலின் காந்தமே கைகொடுக்கின்றது. சிறு சக்கரங்கள் தூரத்தை அளக்கும். அவை வழுக்கினாலும், 12 மீற்றருக்கொன்றாக வரும் பற்றுத் தழும்புகள் மைல்கற்களாய் நின்று கணக்கைத் திருத்தும்.

அஞ்சத்தக்கது ஒன்றே: இடைவழியிற் சிக்குதல். கடலடியில் திறந்து பார்க்கக் கதவில்லை. பின்னிருந்து அமுக்கத்தைக் கூட்டிப் பார்ப்பர். எதிர்த்திசையிலிருந்து தள்ளியும் பார்ப்பர். இரண்டும் பயன்தராவிடிற் கப்பல் கொண்டு சென்று குழாயை வெட்டவேண்டியதுதான். இதனை எண்ணியே குழாய் செய்யும்போது முன்யோசனை செய்கின்றனர். நோர்ட் ஸ்ட்ரீம் குழாயின் சுவர், அமுக்கம் மிகுந்த ருஷ்ய முனையில் 34.4 மில்லிமீற்றர் தடிப்பு. அமுக்கம் தணிந்த ஜேர்மன் முனையில் 26.8 மட்டுமே. ஆயினும் உட்புற விட்டம் முழுவதிலும் 1,153 மில்லிமீற்றர்தான். தடிப்பின் வேறுபாட்டையெல்லாம் வெளிப்புறத்துக்கே விட்டுவிட்டனர். உள்ளே செல்வதற்கு ஒரு படியும் தடக்காது.

மறுகரையில் ஏற்கும் அறைக்குள் பன்றி வந்து சேர்ந்ததும் உடனே கதவைத் திறந்துவிடலாகாது. அமுக்கத்தைத் தணித்து, எரியும் வாயுவை நீக்கவேண்டும். அதன்பின்னும் ஓர் ஆபத்துண்டு. அது தள்ளிவந்த கருந்தூளில் உள்ள இரும்புச் சல்பைட்டு, காற்றுப் பட்டவுடன் தானாகவே தீப்பற்றக்கூடியது. ஆகையால் முதலில் நீரூற்றி நன்கு நனைத்து, அதன் பின்னரே கருமை பூசிய அந்தப் பயணியை வெளியே இழுத்தெடுப்பர்.